ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா? சார்ஜ் போடும் நேரத்திலிருந்து யோசியுங்கள்

சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் அம்மா தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகு, நானும் தங்கையும் சேர்ந்து அவருக்கு ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டோம். விழுந்தால் தானாகவே கண்டுபிடித்து உதவிக்கு அழைக்கும், எங்களுக்கும் தகவல் வரும். அதற்காகத்தான் வாங்கினோம். ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை இரவு நான் அங்கே தங்கினேன். பத்து மணிக்கு அம்மா வாட்சைக் கழற்றி, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிளக்கில் சார்ஜுக்குப் போட்டார். இரவில் இரண்டு முறை கழிப்பறைக்கு எழுந்து போனார். காலையில் குளித்து, விளக்கேற்றி, காப்பி குடித்த பிறகுதான் அதை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். ராத்திரிதானே சும்மா இருக்கிறது, அப்போது சார்ஜ் போட்டால்தானே பகலெல்லாம் ஓடும் என்று விளக்கமும் சொன்னார். போனுக்கு நாம் எல்லோரும் செய்வது அதுதான், அவர் செய்ததில் தவறே இல்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருட்டில் நடக்கும்போதும், ஈரத் தரையில் குளிக்கும்போதும்தான் அவர் விழுந்துவிடுவாரோ என்று நாங்கள் பயந்தோம். அந்த இரண்டு நேரத்திலும் வாட்ச் கையில் இல்லை.

அன்றிலிருந்து யாராவது ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், மாடலையும் விலையையும் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு இரண்டு கேள்வி கேட்கிறேன். எந்த நேரத்தில் அது கட்டாயம் கையில் இருக்க வேண்டும்? அது ஏதாவது சொன்னால், யார் என்ன செய்யப் போகிறார்கள்? இரண்டுக்கும் பதில் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல வாட்சும் ஆறு மாதத்தில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். இதை ஊகமாகச் சொல்லவில்லை, சிங்கப்பூரிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே கையில் கருவி கட்டும் பழக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது அரசாங்கம்தான். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ல் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்சைத் தொடங்கி, அடிகளை எண்ணும் பட்டைகளை இலவசமாகவே கொடுத்தது. நடந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் ஹெல்தி 365 செயலியில் பற்றுச்சீட்டு. 2019ல் ஃபிட்பிட் நிறுவனத்தோடு ஒரு திட்டம் வந்தது. 2020ல் ஆப்பிளோடு சேர்ந்து லூமிஹெல்த் என்ற திட்டம் வந்தது. அதில் இரண்டு ஆண்டுகளில் 380 சிங்கப்பூர் வெள்ளி வரை பரிசு பெறலாம் என்று அறிவித்தார்கள். ஒரு நாட்டு அரசாங்கம் குடிமக்களை நடக்க வைக்க இத்தனை முயற்சி எடுத்ததை நான் மதிக்கிறேன். குறிப்பாக நம் ஆட்களுக்கு அது தேவை. 2017ல் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றி விரிவாகப் பேசினார். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்று அவர் சொன்ன கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, பட்டை கட்டினால் உடம்பு தேறுமா? டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் இங்குள்ள 13 நிறுவனங்களின் 800 ஊழியர்களை வைத்து அதைப் பார்த்தார்கள். முடிவுகள் 2016ல் லான்செட் குழுமத்தின் நீரிழிவு இதழில் வெளியாகின. ஊழியர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கருவி கிடையாது. இன்னொரு குழுவுக்கு அடி எண்ணும் ஃபிட்பிட் கருவி மட்டும். மூன்றாவது குழு நடந்தால் அதற்கான பணம் அறநிறுவனத்துக்குப் போகும். நான்காவது குழு நடந்தால் பணம் அவர்கள் கையிலேயே. ஆறு மாதத்துக்குப் பிறகு பரிசை நிறுத்திவிட்டு, இன்னும் ஆறு மாதம் கவனித்தார்கள்.

பணம் வந்தவரை அந்த நான்காவது குழு நன்றாகவே நடந்தது. பணம் நின்றதும் அந்த வேகமும் நின்றுபோனது. ஓராண்டு முடிவில் கருவி பெற்றவர்களில் பத்தில் ஒருவர்தான் அதை இன்னும் அணிந்துகொண்டிருந்தார். எடையிலோ ரத்த அழுத்தத்திலோ சொல்லும்படியான மாற்றம் எந்தக் குழுவிலும் இல்லை. கருவி வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எண்ணுவது அதன் வேலை, அதைச் சரியாகவே செய்தது. எண்ணைப் பார்த்த பிறகு எழுந்து நடப்பதற்கு வேறு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது எல்லோரிடமும் இல்லை. நடைக்கு ஒரு கூட்டாளி, மருத்துவர் கொடுத்த ஒரு எச்சரிக்கை, பிஷான் பூங்காவில் காலை ஆறரைக்குக் காத்திருக்கும் நான்கு பேர், இப்படி ஏதாவது ஒன்று.

அந்த 10,000 அடி என்ற இலக்கின் பிறப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைத் தொட முடியாமல் மனம் விட்டவர்களை எனக்குத் தெரியும். டோக்கியோவில் 1964ல் ஒலிம்பிக் நடந்து முடிந்த சூட்டில், 1965ல் ஒரு ஜப்பானிய நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் மான்போ-கேய், அதாவது பத்தாயிரம் அடி மானி. அந்த எண் விளம்பரத்திலிருந்து வந்தது, மருத்துவத்திலிருந்து அல்ல. சராசரி வயது 72 உள்ள சுமார் 17,000 பெண்களை அமெரிக்காவில் கவனித்த ஓர் ஆய்வு 2019ல் வெளிவந்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேலே கூடுதல் பயன் பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே உங்கள் அம்மா 5,000 அடி நடந்துவிட்டு, இன்னும் பாதிதான் என்று வருத்தப்பட்டால், வாட்சின் அமைப்புக்குள் போய் இலக்கைக் குறைத்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

எண்ணும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. வாட்சுக்குள் இருக்கும் முடுக்கமானி கையின் ஆட்டத்தைத்தான் பார்க்கிறது, காலை அல்ல. அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா ஈரச்சந்தைக்குப் போய்விட்டு வந்தார். மீன், கீரை, வாழையிலை என்று இரண்டு மணி நேரம் சுற்றியிருக்கிறார். வாட்ச் கட்டிய கையில்தான் இழுவைப் பை. பையைப் பிடித்த கை ஆடாமல் பின்னால் கிடந்ததால், எண்ணிக்கை ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. அன்று சாயங்காலம் பஜனைக்குப் போய் உட்கார்ந்த இடத்தில் தாளம் தட்டினார், எண்ணிக்கை மளமளவென்று ஏறிவிட்டது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுபவர்களுக்கும், பேரங்காடியில் டிராலி தள்ளுபவர்களுக்கும் இதே கதைதான். வாரத்துக்கு வாரம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க அந்த எண் போதும். ஒரு நாள் கணக்கை வைத்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம்.

இதயத் துடிப்பு வேறு வகை. வாட்சைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை விளக்கு மின்னும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை எண்ணித்தான் நிமிடத்துக்கு இத்தனை என்று சொல்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது நம்பத்தக்கது. ஓடும்போது கை குலுங்கும், சில நேரம் வாட்ச் நாடித் துடிப்பை விட்டுவிட்டு நம் அடிகளின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வேர்வையில் நமைக்கிறது என்று பட்டையைத் தளர்த்திவிடுகிறோம், வெளி வெளிச்சம் இடைவெளியில் புகுந்து கணக்கைக் கெடுக்கிறது. நடக்கும்போது ஒரு துளை இறுக்கிக் கட்டி, வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கையையும் பட்டையையும் கழுவித் துடைத்துவிட்டால் அரிப்பும் வராது, எண்ணும் தப்பாது.

நம் தோல் நிறத்துக்கு இது வேலை செய்யுமா என்று பலர் கேட்கத் தயங்குகிறார்கள். நியாயமான கேள்வி, தயங்கவே வேண்டாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020ல் பல நிறத் தோல்களில் இந்த வாட்சுகளைச் சோதித்தது. இதயத் துடிப்பைப் பொறுத்தவரை நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அசைவுதான் பிழையைக் கூட்டியது. ரத்த ஆக்சிஜன் விஷயம் அப்படியல்ல. அதற்குச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பயன்படுகின்றன. மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் கருவியே கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020ல் ஒரு மருத்துவ ஆய்வு காட்டியது. விரலிலேயே அப்படி என்றால், மணிக்கட்டில் காட்டும் ஆக்சிஜன் எண்ணை நான் முடிவெடுக்கப் பயன்படுத்த மாட்டேன். மூச்சு வாங்கினால் எண்ணைப் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கலோரிக் கணக்கைப் பற்றி ஒரே ஒரு தகவல் போதும். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தார் 2017ல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் சொன்னன. எரிந்த கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தப்பியது, மிக மோசமானது 93 விழுக்காடு. ஆகவே 400 கலோரி எரித்துவிட்டேன், ஒரு பரோட்டா கூடச் சாப்பிடலாம் என்ற கணக்கை இந்த எண்ணை வைத்துப் போடாதீர்கள்.

இனி, உயிரோடு சம்பந்தப்பட்ட பகுதிக்கு வருகிறேன். இதில் வாட்ச் உண்மையிலேயே உதவும் ஓர் இடமும் இருக்கிறது, உயிருக்கு உலை வைக்கக்கூடிய ஓர் ஏமாற்றும் இருக்கிறது.

உதவும் இடம் இதயத் தாளம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நிலையில் இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும். பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாது, ஆனால் அதனால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். சும்மா இருக்கும்போது நாடியின் ஒழுங்கை வாட்ச் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருப்பதால், அந்த ஒழுங்கின்மையைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு உண்டு. ஆப்பிள் வாட்சை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் 419,297 பேர் பங்கெடுத்தார்கள். 2019ல் முடிவு வெளியானது. அவர்களில் 0.52 விழுக்காட்டினருக்கு மட்டும் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை வந்து, பிறகு நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பட்டையை ஒரு வாரம்வரை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினருக்கு அந்தத் தாளக்கோளாறு உறுதியானது. மற்றவர்களுக்கு வந்ததெல்லாம் பொய் எச்சரிக்கை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இந்தக் கோளாறு வந்து வந்து போகும்.

அந்த ஆய்வில் வயதையும் பாருங்கள். 40 வயதுக்குக் கீழே ஆயிரத்தில் இரண்டு பேருக்குக்கூட எச்சரிக்கை வரவில்லை. 65 வயதுக்கு மேலே நூற்றுக்கு மூன்று பேருக்கு வந்தது. முப்பது வயதுப் பிள்ளை ஆயிரம் வெள்ளிக்கு வாட்ச் கட்டிக்கொண்டு, அறுபத்தெட்டு வயது அப்பாவின் கையில் பழைய கடிகாரம் இருக்கிறதென்றால், இந்த ஒரு பயனைப் பொறுத்தவரை வாட்ச் கை மாறிப் போயிருக்கிறது.

இங்கேதான் என் இரண்டாவது கேள்வி வருகிறது. எச்சரிக்கை வந்தால் என்ன செய்வீர்கள்? ஈசிஜி வசதியுள்ள வாட்ச் என்றால் அதன் விளிம்பில் விரலை வைத்து 30 விநாடி ஈசிஜி எடுக்கலாம், அதைப் போனில் கோப்பாகச் சேமித்துப் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டலாம். மருத்துவர் முறையான பரிசோதனைக்கு அனுப்புவார். இந்த வழி வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: வாட்சின் ஈசிஜி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. தயாரிப்பாளர்களே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். நெஞ்சு வலித்தால், வாட்ச் எல்லாம் சரி என்று காட்டினாலும், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

ஏமாற்று, சர்க்கரை விஷயத்தில். ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல் சர்க்கரை அளவைக் காட்டும் என்று சொல்லி மலிவு வாட்சுகளும் மோதிரங்களும் இணையத்தில் விற்கப்படுகின்றன. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் தெளிவாக எச்சரித்தது: தோலைத் துளைக்காமல் தானே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுத்ததில்லை என்று. தோலுக்கடியில் மெல்லிய இழையைச் செலுத்தி, கையில் ஒட்டிக்கொள்ளும் உணர்கருவிகள் உண்டு, அவை உண்மையானவை. அவை எடுத்த அளவை வாட்ச் வாங்கிக் காட்டலாம், வாட்சே அளப்பதில்லை. நம் வீடுகளில் இன்சுலின் போடுபவர்கள் எத்தனை பேர்! பொய் எண்ணைப் பார்த்து ஒருவர் ஊசி அளவைக் கூட்டினால், சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழுவார். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது இப்படி ஒரு விளம்பரத்தைப் போட்டால், தயவுசெய்து பெரியவர்கள் மனம் நோகுமே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

ரத்த அழுத்தம் இதற்கும் அதற்கும் நடுவில் இருக்கிறது. சாம்சங் வாட்சில் அந்த வசதி உண்டு, ஆனால் 28 நாளுக்கு ஒரு முறை, மேல்கையில் சுற்றி அளக்கும் கைப்பட்டைக் கருவியில் அளந்து வாட்சுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எப்படியும் கைப்பட்டைக் கருவி வாங்கியாக வேண்டும் என்றால், நான் அதை மட்டும் வாங்கிக்கொள்வேன். மருந்துக்கடையில் கிடைக்கிறது, வாட்சைவிட மலிவு, வீட்டில் எல்லோரும் பயன்படுத்தலாம்.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும், ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு என்பதில் தடுமாறும். காலையில் நன்றாக எழுந்த ஒருவர், வாட்ச் குறைந்த மதிப்பெண் கொடுத்தது என்று நாள் முழுக்கச் சோர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் இரவில் கழற்றி வைத்துவிடலாம்.

உடம்பை விடுவோம். அன்றாட வசதிகளில், சிங்கப்பூரில் எல்லோரும் முதலில் கேட்பது வாட்சைத் தட்டி எம்ஆர்டி ரயிலில் போகலாமா என்பது. போகலாம். வங்கி அட்டையை வாட்சில் ஏற்றிவிட்டால் ரயிலுக்கும் பேருந்துக்கும் ஆகும், உணவங்காடியில் தட்டிப் பணம் கட்டும் கடைகளிலும் ஆகும். நடைமுறையில் சில நெளிவு சுளிவுகள் உண்டு. எம்ஆர்டி நுழைவாயிலில் தட்டும் இடம் வலது பக்கம். நாமோ இடது கையில் வாட்ச் கட்டுகிறோம், உடம்பைக் குறுக்கே திருப்பித் தட்ட வேண்டியிருக்கும். உள்ளே போகும்போது போனைத் தட்டிவிட்டு, வெளியே வரும்போது வாட்சைத் தட்டினால், ஒரே வங்கி அட்டையாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு அட்டையாகவே கணக்காகும், பயணம் முடியாததாகப் பதிவாகிக் கட்டணம் கூடும். எதில் நுழைந்தீர்களோ அதிலேயே வெளியேற வேண்டும். மூத்தோருக்கான சலுகைக் கட்டணம் வங்கி அட்டைக்குக் கிடையாது, ஆகவே வாட்சிலும் கிடைக்காது. அம்மாவை நான் வாட்சைத் தட்ட விடுவதில்லை, அவருடைய சலுகை அட்டையே போதும்.

அறிவிப்புகளைப் பொறுத்தவரை, கை வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய உதவி. கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய், கடையில் மாவு பிசைந்துகொண்டிருப்பவர், கூட்டத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் ஆகியோருக்கு யார் அழைக்கிறார்கள் என்று ஒரு பார்வையில் தெரிந்தால் நிம்மதி. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்கெனவே இரண்டு திரை இருக்கின்றன, மூன்றாவது எதற்கு? அப்படியே கட்டினாலும், அழைப்பையும் வீட்டாரின் செய்தியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு வாங்க நினைப்பவர்கள் பள்ளி விதியை முதலில் பார்க்க வேண்டும். தேசியத் தேர்வு அறைக்குள் ஸ்மார்ட்வாட்சுக்கு அனுமதி இல்லை. 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளை உட்பட, போனும் ஸ்மார்ட்வாட்சும் பயன்படுத்தக் கூடாது என்று கல்வி அமைச்சு விதித்திருக்கிறது. பிள்ளை அதை எந்த நேரத்தில் கட்டும் என்று கணக்குப் போட்டால், பள்ளிக்குப் போகும் வழியும் வரும் வழியும் மாலை விளையாட்டும்தான் மிஞ்சும். அதற்கு மலிவான ஒன்று போதும்.

ஊருக்குப் போகும்போது வாங்கிப் போவது இன்னொரு வழக்கம். சிராங்கூன் ரோட்டில் சனி, ஞாயிறு இரவுகளில் தம்பிக்கு, மச்சானுக்கு என்று வாட்ச் பார்க்கும் அண்ணன்மார்களை எப்போதும் காணலாம். பல மாதம் சேர்த்த காசு அது, வீணாகக் கூடாது. ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டுமே வேலை செய்யும். 2021க்குப் பிறகு வந்த சாம்சங் வாட்சுகள் ஆண்ட்ராய்டோடு மட்டுமே. ஊரில் தம்பி கையில் எந்தப் போன் இருக்கிறது என்று கடை வாசலில் நின்றபடியே அழைத்துக் கேட்டுவிடுங்கள். உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எந்தப் போன் என்று தெரியாத நிலையில், 100 வெள்ளிக்குள் கிடைக்கும் பட்டை வகையே பாதுகாப்பு. பெரும்பாலானவை இரண்டு வகைப் போனோடும் சேரும், ஒரு முறை சார்ஜ் போட்டால் ஒரு வாரத்துக்கு மேல் ஓடும்.

எனக்கே வாங்குவதாக இருந்தாலும் அந்தப் பட்டை வகைதான் வாங்குவேன். நாற்பது வயது, அலுவலக வேலை, வாரத்தில் மூன்று நாள் பூங்கா இணைப்புப் பாதையில் நடை. எனக்கு அடியும் துடிப்பும் தெரிந்தால் போதும். விலை உயர்ந்த வாட்சின் தேவை தனியாக இருக்கும் மூத்தவருக்கும், இதயக் கோளாறுக்கு வாய்ப்புள்ளவருக்கும்தான் உண்மையில் இருக்கிறது. வாங்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள் அல்ல என்பதுதான் என் கவலை.

அம்மாவிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் இதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது.

முதலில் செய்தது வாட்சோடு சம்பந்தமே இல்லாத வேலை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஈஸ் திட்டத்தில் மூத்தோர் வீடுகளுக்குக் கழிப்பறைக் கைப்பிடிகளும், வழுக்காத தரைப் பூச்சும் போட்டுத் தருகிறார்கள், செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. விழுந்த பிறகு தகவல் சொல்லும் கருவிக்கு முன்னால், விழாமல் தடுக்கும் கம்பி வர வேண்டும். இதை நாங்கள் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பிறகு வாட்ச் விழுவதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தோம். அம்மா கட்டியிருப்பது ஆப்பிள் வாட்ச். பலமாக விழுந்தால் மணிக்கட்டைத் தட்டி, நலமா என்று கேட்கும். சுமார் ஒரு நிமிடம் அசைவே இல்லையென்றால், 30 விநாடி எண்ணிவிட்டு அவசர எண்ணை அழைக்கும். அழைப்பு முடிந்ததும் நாங்கள் பதிந்து வைத்த எண்களுக்கு இருக்குமிடத்தோடு செய்தி அனுப்பும். இதற்கு வாட்சில் தனி சிம் இணைப்பு இருக்க வேண்டும், அல்லது போன் அருகில் இருக்க வேண்டும். அம்மாவின் போன் மூன்றறை வீட்டில் எங்கே இருந்தாலும் கழிப்பறைவரை எட்டுகிறதா என்று அறை அறையாக வைத்துப் பார்த்தோம். எட்டியது, மாதக் கட்டணம் மிச்சம். ஆனால் சந்தைக்குப் போகும்போது போனை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். சுவரைப் பிடித்தபடி மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் வாட்சுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்துத் தானே அழைக்க வேண்டும், அதையும் கற்றுக்கொடுத்தோம்.

ஒரு நாள் இடிகல்லில் மிளகு இடிக்கும்போது வாட்ச் அதை விழுந்ததாக எடுத்துக்கொண்டு நடுங்கத் தொடங்கியது. அம்மா பதறவில்லை. நன்றாக இருக்கிறேன் என்ற பொத்தானை அமுக்கிவிட்டு மீதி மிளகையும் இடித்து முடித்திருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. அழைப்பை நிறுத்தத் தெரிந்தவர் பயந்துபோய் அதைக் கழற்றி வைக்க மாட்டார்.

குளிக்கும்போதும் கட்டிக்கொள்கிறார். சோப்பு நீர் வாட்சின் ரப்பர் தடுப்புகளுக்கு நல்லதல்ல என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடம் குறைவாக உழைத்தாலும் பரவாயில்லை, குளியலறையில் அது கையில் இருக்க வேண்டும்.

சார்ஜ் நேரத்தை அம்மாவே முடிவு செய்தார். சாயங்காலம் வசந்தம் தொலைக்காட்சியில் நாடகமும் செய்தியும் பார்க்கும் நேரம். சோபாவில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் போன் இருக்கும், எழுந்து நடக்கும் வேலை இல்லை. பிளக்கைச் சாமி மாடத்திலிருந்து சோபா ஓரத்துக்கு நீட்டிப்பு வயர் போட்டுக் கொண்டுவந்தோம். 18 மணி நேரம்தான் ஓடும் என்று போட்டிருந்தாலும், அம்மாவின் பயன்பாட்டில் வாட்ச், தினமும் ஒன்றரை மணி நேரம் சார்ஜ் ஏறினால் மறுநாள் சாயங்காலம்வரை தாங்கிவிடுகிறது. நேற்று நான் எட்டே முக்காலுக்கு அழைத்தபோது, "இருப்பா, செய்தி முடியட்டும். வாட்ச எடுத்துக் கட்டிட்டு நானே கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.